இருக்கிறவர் பட்டியலில் ஒரு பெயர்

ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிப்பதற்குள் சகாயமேரி கோயிலின் பக்கக் கதவருகே வந்து நின்றுவிடுகிறாள். கையில் நான்காக மடித்த சீட்டு. உப்பு தின்று வெடித்த விரல்கள் கறை பண்ணிவிடும் என்று அதன் ஓரத்தை மட்டும் பிடித்திருக்கிறாள். ‘பெலிக்ஸ், நலம் வேண்டி.’ இரண்டு வருடமாக அதே வரி.

சாமியாருக்குத் துணையாகக் கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. “இருக்கறவங்க பக்கந்தானம்மா?”

“வேற எந்தப் பக்கங்க?”

பூசைக்கு முன் அவர் இரண்டு பட்டியல் படிப்பார். முதலாவது, உயிரோடு இருப்பவர்களின் நலத்துக்காக. அடுத்தது, இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக.

மரக்காணம் உப்பளத்தில் அவளுக்குக் கூலி வேலை. தை பிறந்தால் மழை இறங்கும்வரை உப்புக்கூடை தலையை விட்டு இறங்காது. பாத்தியின் வெள்ளை கண்ணைப் பொசுக்கினாலும் மற்ற பெண்களைப்போலக் கறுப்புக் கண்ணாடி போடமாட்டாள். “தூரத்துல வர்றது யாருன்னு தெரியாம பூடும்.”

வரவேண்டியவன் அவள் மகன் பெலிக்ஸ். உப்பு வேலை இல்லாத ஒரு மழைக்காலத்தில் எக்கியார்குப்பத்து நடராசனோடு மீன்பிடிக்கப் படகேறினான். அலை படகைக் கவிழ்த்தது. நடராசன் நீந்திக் கரை சேர்ந்தான். பெலிக்ஸ் வரவில்லை, உடலும் வரவில்லை. எதைக் கட்டிக்கொண்டு அழுவாள் பெற்றவள்? இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை மகனின் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டுவிட்டு வருகிறாள்.

கூட வேலை செய்யும் லூர்துமேரி சீண்டுவாள்: “உம் புள்ள சிங்கப்பூர்ல எவளையோ கட்டிக்கினு குந்திக்கினு இருக்கான்டி.”

“கட்டட்டுமே. வர்றப்ப உனக்கு ஒரு சென்ட்டு பாட்டில் எடுத்தாரச் சொல்றேன். உன் நாத்தம் தாங்கல.”

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். பிறகு கூடையைத் தூக்கிவிட ஆள் கூப்பிடும்போது குரல் எழும்பாது.

சிரிக்காதவள் மருமகள் ஜான்சி ஒருத்திதான். கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் அவள் வெடித்துவிட்டாள்.

“ரெண்டு வருஷமா அவரு ஆத்துமாவுக்குன்னு ஒரு பூசை இல்ல அத்த. நீங்கதான் தடுத்து வெச்சிருக்கீங்க.”

“வெச்சா எங்கையால நானே அவனக் கொன்ன மாதிரிடி.”

“வெக்கலன்னா? மோட்சத்துக்கும் போவாம நடுவுல நிக்கறாரோ என்னமோ. நாமளே வேண்டலன்னா வேற யாரு வேண்டுவா?”

மகன் திரும்பி வருவான் என்று இருப்பவள் சகாயமேரி. செத்தவர்கள் நம் ஜெபத்துக்காகக் காத்திருப்பார்கள் என்றும் சிறுவயதிலிருந்து நம்புகிறவள். எந்தப் பக்கம் நின்றாலும் பிள்ளையைக் கைவிடுவதாகிவிடுகிறதே! மூன்று நாள் அவள் சோற்றைத் தொடவில்லை.

கல்லறைத் திருநாள் காலையில் சீட்டை நீட்டினாள். உபதேசியார் பழக்கத்தில் அதை முதல் கட்டோடு சேர்க்கப் போனார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பக்கங்க.”

பிடித்த கையை விட அவளுக்கு நேரமாயிற்று.

உள்ளே பெண்களின் வரிசையில், தரையில் உட்கார்ந்தாள். பெலிக்ஸின் நாலு வயது மகள் ஷாலினி ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். இருப்பவர்களின் பெயர்கள் முடிந்தன. உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தார். சகாயமேரி குழந்தையின் இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் இறுகப் பொத்தினாள்.