சக்கரத்துக்கு வைத்த கல்

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் கார் நிறுத்த இடமே இல்லை. சென்னை நெரிசலில் ஓட்டிப் பழகிய திமிரில், ஒரு மளிகைக் கடையோரச் சரிவில் நிறுத்துகிறேன். ஹேண்ட்பிரேக் போட்டும் வண்டி பின்னால் நகர்கிறது. கடைக்கார பாய் ஓடி வந்து பின்சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுக்கிறார்.

“மலையில பிரேக்கை மட்டும் நம்பாதீங்க. போறப்ப கல்லை ஓரமா எடுத்துப் போட்ருங்க. பனி எறங்குனா கண்ணுக்குத் தெரியாதுங்க, பைக்குல வர்றவங்க உழுந்துருவாங்க.”

“கட்டாயம் எடுத்துடறேன், பாய்.”

மாலையில் கிளம்பும்போது பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடிக்கிறது. பதறி வண்டியை எடுத்துவிடுகிறேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், கண்ணாடியில் பனி படியும்போதுதான் கல் நினைவுக்கு வருகிறது. வண்டியைத் திருப்ப இடமில்லை. எதிரே ஒருவர் குழந்தையை முன்னால் உட்காரவைத்து பைக்கில் மலையேறி வருகிறார். கத்திக்கொண்டே கையை ஆட்டுகிறேன்.

குழந்தை சிரித்து, எனக்கு டாட்டா காட்டியபடி மேலே போகிறது.