எந்தப் பைப்புண்ணே?

பங்கிராஸ் எதையும் மூன்று முறை கேட்பான். முதல் முறை விளங்கிக்கொள்ள, இரண்டாம் முறை டிரிப் நோட்டில் எழுதிக்கொள்ள, மூன்றாம் முறை எழுதியது சரிதானா என்று பார்க்க. மலையில் ஜீப் ஓட்டுகிறவனுக்கு அந்தக் குணம் நல்லதுதான். எனக்குத்தான் பொறுமை கிடையாது. இருபத்தாறு வருஷமாகத் தேனியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரே கேள்வியை எவனாவது மறுபடி கேட்டால் சுள்ளென்று கோபம் வந்துவிடும். என் பெயர் தங்கபாண்டி. பங்கிராஸ் செத்துப்போனதற்கு என் வாயும் ஒரு காரணம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்க எனக்கு விருப்பமில்லை.

அவன் ராயப்பன்பட்டிக்காரன். காலையில் கம்பத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு மலைப்பாதையில் ஏறுவான். கேரளாப் பக்கம் ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவான். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப்பின் ஸ்பிரிங் பட்டை உடைந்தது. வேறு எவனாக இருந்தாலும் அதைக் காயலான் கடையில் போட்டிருப்பான். இவன் வீட்டுக்குக் கொண்டுபோய், கரியைக் கொட்டி, மகள் மெர்லினின் ஹேர் டிரையரை வைத்து ஊதி, ஒரு கத்தியை அடித்துவிட்டான். முதல் தேங்காயிலேயே கத்தி இரண்டாகப் போனது, ஹேர் டிரையரும் உருகிப்போனது. உடைந்த துண்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு, விசாரித்து விசாரித்து என் பட்டறைக்கு வந்து நின்றான்.

"தண்ணியில முக்குனியா?" என்று கேட்டேன்.

"ஆமாண்ணே."

"பட்டைய பழுக்கக் காய்ச்சித் தண்ணியில முக்குனா வெடிக்காம உன்னைய கொஞ்சுமா? எண்ணெயில முக்கணும்யா."

"எந்த எண்ணெண்ணே?" என்று கேட்டபடி சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தான். அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. 'இரும்புக் கிறுக்கர்கள்' என்று பெயர். மொத்தம் பதினொரு பேர், ஒருத்தனுக்கும் கத்தி அடிப்பது பிழைப்பு இல்லை. கரண்ட் ஆபீஸ் லைன்மேன் சுருளிராஜன், ஏலக்காய்க் கடைக் கிளார்க், ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார், இப்படி ஆளுக்கொரு வேலை. லீவு நாளில் கரியும் சம்மட்டியுமாக உட்கார்ந்துவிடுவோம். காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் எண்ணெயில் இறக்கு, அப்புறம் வைக்கோல் நிறம் வரும்வரை மெதுவாகச் சுட்டெடு, இல்லாவிட்டால் உடையும் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வோம். பெரும்பாலும் நான்தான் சொல்வேன். குரூப்புக்கு அட்மின், அந்தத் திமிரும் எனக்கு இருந்தது.

பங்கிராஸ் அடித்த கத்தி எதையும் விற்றதில்லை. அவன் ஜீப்பில் போகிற பெண்கள் எல்லாருடைய சோற்றுப் பையிலும் அவன் கொடுத்த கத்தி இருக்கும். முனை மழுங்கினால் அவனிடமே நீட்டுவார்கள். மறுநாள் தீட்டிக் கொண்டுவருவான். ஜக்கம்மா என்றொரு அம்மாள், தனக்கு வந்த கத்தியின் பிடி சறுக்குகிறது என்று நாலு தடவை மாற்றி வாங்கினாளாம். அவன் முகம் சுளிக்கவில்லை. நானாக இருந்தால் கத்தியையும் பிடுங்கி, ஜீப்பைவிட்டும் இறக்கியிருப்பேன்.

இந்த வருஷம் மெர்லினுக்கு ஆகஸ்ட் கடைசியில் கல்யாணம் என்று முடிவானது. பங்கிராஸுக்கு ஒரே ஓர் ஆசை பிடித்துக்கொண்டது.

"கோயில்ல தாலி கட்டி முடிச்சு மண்டபத்துல கேக் வெட்டுவாகள்லண்ணே, அந்தக் கத்தி நான் அடிச்சதா இருக்கணும். கிறிஸ்மஸுக்கு நீங்க ஒண்ணு போட்டோ போட்டீகளே, அலகுல தண்ணி ஓடுன மாதிரி வரிவரியா. அதே மாதிரி வேணும்."

அது கொஞ்சம் பெரிய வேலை. பேரிங் குண்டுகளையும் சங்கிலித் துண்டுகளையும் ஒரு பைப்புக்குள் போட்டு, சந்துகளில் இரும்புத் தூளை நிரப்பி, இரண்டு முனையையும் வெல்டிங் வைத்து அடைக்க வேண்டும். ஒரு முனையில் காற்றுப் போக ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை. மஞ்சளாகப் பழுக்கிறவரை காய்ச்சி அடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். பிறகு வெளிப் பைப்பை கிரைண்டரால் சீவி எறிந்துவிடலாம். பைப்பின் உள்பக்கம் எழுத்தை அழிக்கிற வொயிட்னர் தடவிக்கொண்டால் அது கட்டியோடு ஒட்டாது. இவ்வளவையும் நாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜாகக் குரூப்பில் போட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பைப் கருப்பு இரும்புப் பைப்பாக இருக்க வேண்டும். தண்ணீருக்குப் போடும் ஜி.ஐ. பைப்பில் துத்தநாகப் பூச்சு உண்டு. நெருப்பில் வைத்தால் அது வெள்ளைப் புகையாகக் கிளம்பும், அந்தப் புகை நெஞ்சுக்கு விஷம். வெல்டிங் கம்பியைத் தொட்ட எவனுக்கும் தெரிந்த சங்கதி. இவ்வளவு தெரிந்த விஷயத்தை எவனாவது வாய்விட்டுச் சொல்வானா என்று நினைத்துவிட்டேன்.

"எந்தப் பைப்புண்ணே?" என்று பங்கிராஸ் குரூப்பில் கேட்டிருந்தான். ரெண்டு இஞ்ச் என்றேன். மறுநாளும் "எந்தப் பைப்புண்ணே?" என்று வந்தது. கனமான பைப் என்றேன். மூன்றாம் நாள் மறுபடி அதே கேள்வி. அன்றைக்கு ஒருத்தர் மோட்டார் ஷாப்ட் இன்னும் முடியவில்லையா என்று என் பட்டறையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவர் மேல் இருந்த கடுப்பை இவன் மேல் இறக்கினேன். மைக்கை அழுத்திப் பேசினேன்:

"ஏய்யா பங்கிராசு, பைப்புன்னா பைப்புதான்யா. பைப்புல என்னய்யா ஜாதி பாக்குற? கெடக்கிறத எடுத்து அடிய்யா!"

கடைசியில் ஒரு சிரிப்பு வேறு சிரித்துவைத்தேன். குரூப் முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன. பங்கிராஸும் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டான். அதற்குமேல் அவன் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் கிடக்கிற பைப் என்றால் என்ன? தண்ணீர் வற்றிப்போன போர்வெல்லிலிருந்து உருவிப் போட்ட ஜி.ஐ. பைப்தான். எந்தத் தோட்டத்து வரப்பிலும் கிடக்கும். அவன் மச்சினனின் திராட்சைத் தோட்டத்திலிருந்து ஒரு துண்டை அறுத்து எடுத்து வந்திருக்கிறான். வெயிலில் கிடந்து மேலெல்லாம் துருவேறிப் பூச்சு இருப்பதே தெரியாமல் இருந்திருக்கும்.

ஜூலை மாதம், சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நெருப்பு நனையக் கூடாது என்று ஜீப் நிறுத்தும் கொட்டகையின் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து காய்ச்சியிருக்கிறான். அவனுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு, சட்டைப்பையில் எப்போதும் மூச்சுக்கு இழுக்கிற பஃப் இருக்கும். சனிக்கிழமை மதியம் மூன்று மெசேஜ் போட்டிருக்கிறான். நான் பெரியகுளத்தில் ஒரு விசேஷ வீட்டில் பந்தியில் இருந்தேன். போன் அதிர்ந்தது, எடுத்துப் பார்த்தேன். பங்கிராஸ், மூன்று மெசேஜ். 'ஆரம்பிச்சிட்டான்யா' என்று திறக்காமலே பைக்குள் போட்டுவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை.

ஞாயிறு மதியம்தான் திறந்தேன். போட்டோவில் தீ பச்சையாக எரிந்தது. கரியின் மேலும் சுவரிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. கீழே எழுதியிருந்தான்: 'அண்ணே பஞ்சு மாதிரி பறக்குது, இது என்ன?'

உடனே கூப்பிட்டேன்.

"ஏய்யா, அடுப்ப அணச்சிட்டியா?"

"எல்லாம் முடிஞ்சிருச்சுண்ணே. நேத்து ஒரே குளிர்க்காய்ச்சல், வாயெல்லாம் ஒரு மாதிரி இனிச்சுக் கெடந்துச்சு. காலையில விட்ருச்சு. பூசைக்குப் போயிட்டு வந்து மறுபடி காய்ச்சி அடிச்சேன். குண்டெல்லாம் ஒட்டிருச்சுண்ணே!" பேச்சுக்கு நடுவே இருமினான்.

"அது ஜி.ஐ. பைப்புய்யா. அந்தப் புகை ஆகாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

"பைப்புல ஜாதி இல்லேன்னீக?" என்று சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிப்போனது. "காலையில பொம்பளைக காத்துக்கிட்டு நிப்பாகண்ணே. டிரிப் முடிச்சிட்டுப் போறேன்."

கெட்ட வார்த்தையில் திட்டினேன். சரி சரி என்றான். ஆனாலும் திங்கட்கிழமை ஜீப்பை எடுத்திருக்கிறான். மெட்டில் பாதி ஏறியதும் மூச்சு வாங்கி ஓரங்கட்டிவிட்டான். ஜக்கம்மாதான் எதிரே வந்த வண்டியை மறித்து அவனை ஏற்றி அனுப்பினாள்.

தேனியில் ஐ.சி.யூ.வில் ஆறு நாள். துத்தநாகப் புகை என்று டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர்களும் பார்க்காத வைத்தியம் இல்லை. இரண்டு நுரையீரலும் ஏற்கெனவே பலவீனம், அதோடு நிமோனியாவும் சேர்ந்துவிட்டது என்றார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். மாஸ்க்குக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அந்தச் சனிக்கிழமை இறந்துபோனான். வயது நாற்பத்தாறு.

அடக்கம் முடிந்த மறுநாள் சுருளிராஜன் போன் பண்ணினான். "அண்ணே, அந்த வாய்ஸ அழிச்சிருங்க. நாளைக்கு ஒரு பேச்சு வந்துரும்." நானும் விரலை வைத்து அழுத்தினேன். நாளாகிவிட்டதால் எல்லாருக்கும் அழிக்க முடியாது, எனக்கு மட்டும் அழிக்கலாம் என்று காட்டியது. எனக்கு மட்டும் அழிந்து என்ன பிரயோஜனம்? அப்படியே விட்டுவிட்டேன்.

நாற்பது நாள் கழித்து அவன் மனைவி ஞானசெல்வியும் மெர்லினும் என் பட்டறைக்கு வந்தார்கள். மெர்லின் சாக்கில் சுற்றியிருந்த இரும்புக் கட்டியை மேஜையில் வைத்தாள்.

"கல்யாணத்த ஜனவரிக்குத் தள்ளி வச்சிருக்கோம் பெரியப்பா. இத முடிச்சுக் குடுங்க."

"வை ஆத்தா" என்றேன். கிரைண்டரில் ஓர் ஓரத்தைச் சீவினேன். பைப் ஓடு போல உரிந்து வந்தது, உள்ளே வொயிட்னர் தடவியிருந்தான். மெருகேற்றி ஆசிட் தொட்டதும் வரிகள் எழுந்து வந்தன. எங்கேயும் விரிசல் இல்லை, ஒரு குண்டுகூட ஒட்டாமல் இல்லை. நான் சொன்னதில் ஒன்றைக்கூட அவன் விடவில்லை.

மெர்லின் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு வாசல் பக்கம் போய் அழுதாள். ஞானசெல்வி அழவில்லை. கையில் அவனுடைய டிரிப் நோட்டை வைத்திருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். ஆஸ்பத்திரியில மாஸ்க்க வெலக்கிட்டு எங்கிட்ட சொன்னாக, 'அண்ணன் சரியாத்தான் சொன்னாரு, நாந்தான் பைப்ப மாத்தி எடுத்துட்டேன், அவர யாரும் ஒண்ணும் சொல்லிராதீக'ன்னு. எதையும் மூணு தடவ கேட்டு எழுதுற மனுசன் எப்புடிண்ணே மாத்தி எடுப்பாக? நோட்டுலயும் ரெண்டு இஞ்ச், கனமான பைப்புன்னு மட்டுந்தான் எழுதியிருக்கு. நீங்க எந்தப் பைப்புண்ணே சொன்னீக?"

கருப்புப் பைப் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்பிவிடுவாள். அவனே எனக்காக வழி பண்ணி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், பாவி. என் வாய் வரைக்கும் வந்தது.

போனை எடுத்து அந்த வாய்ஸைத் தேடி அவள் பக்கம் வைத்து அழுத்தினேன். என் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. பைப்புல என்னய்யா ஜாதி பாக்குற. அப்புறம் என் சிரிப்பு.

ஞானசெல்வி தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "திரும்பப் போடுங்கண்ணே" என்றாள். போட்டேன். "இன்னொருக்கா" என்றாள். மூன்றாம் முறையும் போட்டேன்.