நன்றி சொன்னதற்கு ஒரு மெமோ

"அக்கா, என்னையப் பத்தி நல்லவிதமா எழுதுனது நீங்கதானா?"

காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால், வாசலில் காக்கிச் சட்டையோடு ஒரு டவுன் பஸ் டிரைவர். அவருக்குப் பின்னால், என்னிடம் மனு எழுதி வாங்கிப்போன காதர் பாய், தலையில் கை வைத்தபடி நின்றிருந்தார். "நான்தாம்ப்பா, உள்ள வாங்க, காப்பி குடிங்க" என்றேன், வாயெல்லாம் பல்லாக. பாராட்டுக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். கையை நீட்டினேன், லட்டு டப்பாவாக இருக்கும் என்று. வந்தது மெமோ.

ஐந்து சாமான்

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தாறு வருஷம் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். காரணம் கடைசியில் தெரியும். நான் சேர்ந்த முதல் நாளே எங்கள் பிரிவு சூப்பிரண்டு, நான் அடித்துக் கொடுத்த கடிதத்தை என் கண் முன்னாலேயே இரண்டாகக் கிழித்துப் போட்டார்.

"ஏம்மா, தேதி எங்க? நேரம் எங்க? இடம், பேரு, நம்பர்? இந்த அஞ்சு சாமானும் இல்லாத பேப்பர வச்சு பொட்டலந்தான் மடிக்க முடியும்!"

அன்றைக்கு அழுதேன். மறுநாளிலிருந்து என் பேப்பரில் ஐந்தும் இல்லாமல் இருந்ததே இல்லை. அலுவலகமே என்னைப் பார்த்துப் பயப்படும். ஒரு தேதி விட்டுப்போனால் போதும், ஆபீசர் என்றும் பார்க்காமல் நானே திருப்பி அனுப்புவேன்.

ரிடையர் ஆன பிறகு ஆனையூர் வீட்டில் ஆறு மாதம் உட்கார்ந்தேன். அலமாரியை அடுக்கினேன், அடுக்கினதைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். என் வீட்டுக்காரர் கைகூப்பிவிட்டார். "தாயே, நீ வீட்ல இருந்தா எனக்கு பிரஷர் ஏறுது. எங்கயாச்சும் போய் யாரையாச்சும் வெரட்டேன்."

அப்படித்தான் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை நடக்கும் மனுநாளுக்குப் போக ஆரம்பித்தேன். சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக ஒரு பிளாஸ்டிக் சேர், மடியில் பரீட்சை அட்டை. எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன், சும்மாதான். பட்டா, முதியோர் பென்ஷன், தண்ணீர்க் குழாய், பக்கத்து வீட்டுக்காரன் சுவரை நகர்த்தியது. எழுதி முடித்ததும் ஒருவர் வெள்ளரிக்காய் கொடுப்பார், ஒருவர் ஒரு முழம் மல்லிகை கொடுப்பார், சிலர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார்கள். சம்பளம் வாங்கிய காலத்தில் ஒரு நாளாவது நான் இப்படிச் சிரித்துக்கொண்டு வீடு திரும்பியிருப்பேனா? இல்லவே இல்லை.

குறையே இல்லாத மனு

ஒரு திங்கட்கிழமை காதர் பாய் வந்தார். கீழவாசல் பக்கம் பூட்டுக் கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு ஊருக்கு வெளியே புது வீட்டுக்குக் குடிபோயிருந்தார்.

"குறை என்ன பாய்?"

"குறை ஒண்ணுமில்லம்மா."

"அப்புறம் எதுக்கு வரிசைல நின்னீக?"

"ஒரு டிரைவருக்கு நன்றி சொல்லணும். மனு போட்டு நன்றி சொல்லக் கூடாதா?"

அட என்னைப் பெத்த அம்மா! முப்பத்தாறு வருஷத்தில் லட்சம் பேப்பர் அடித்திருப்பேன். ஒன்றுகூட நன்றி கிடையாது. எனக்குக் கையெல்லாம் பரபரவென்று ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். பாயின் மனைவி ஜொகராம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலுக்குப் பயிற்சி எடுக்க வேண்டும். பஸ் ஸ்டாப்போ அரைக் கிலோமீட்டர் தள்ளி. அந்த டிரைவர் அவர்களுடைய சந்து முனையிலேயே வண்டியை நிறுத்தி, அந்த அம்மா ஏறி உட்காரும்வரை காத்திருந்து, பிறகுதான் எடுப்பாராம்.

எழுதினேன் பாருங்கள், ஒரு முழுப் பக்கம்! ஐந்து சாமானும் ஒன்று குறையாமல். இன்ன நாட்களில், இன்ன நேரத்துக்கு, இன்ன இடத்தில், இன்ன எண்ணுள்ள வண்டியின் இன்ன பெயருள்ள ஓட்டுநர், "பேருந்து நிறுத்தம் இல்லாத இடமாக இருந்தபோதிலும்" வண்டியை நிறுத்தி உதவுகிறார். அந்த ஒரு வரியில் எனக்கு எம்புட்டுப் பெருமை தெரியுமா! சத்தமாக வாசித்துக் காட்டினேன். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஊகித்திருக்க வேண்டும். மனு என்றால் குறை. குறை என்றால் நடவடிக்கை. நன்றிக்கு அங்கே பிரிவே கிடையாது. பதிவெண் போட்டார்கள், "உரிய நடவடிக்கைக்காக" என்று டெப்போவுக்கு அனுப்பினார்கள். டெப்போ நடவடிக்கை எடுத்துவிட்டது. நிறுத்தம் இல்லாத இடத்தில் வாரம் மூன்று முறை வண்டியை நிறுத்தியது ஏன், ஏழு நாளில் விளக்கம் கொடு என்று மெமோ. வாசித்துப் பார்த்தால் பாதி வாக்கியம் என்னுடையது. ஒரு பிழை இல்லை.

"அக்கா," என்றார் டிரைவர், காப்பியைத் தொடாமல். "பிள்ளைகளை ஸ்கூல்ல விட்டு கூட்டியாரணும்னு அலையா அலைஞ்சு வாங்குன டவுன் ரூட்டு அக்கா. தூக்கி வெளியூர் வண்டில போட்ருவாங்க. மறுக்கவும் முடியல. எல்லாம் கரெக்டா எழுதிருக்கீக."

புகார் எழுதிக்கூட நான் யாரையும் இவ்வளவு கச்சிதமாக மாட்டிவிட்டதில்லை.

பாராட்டப் பாராட்ட

டெப்போ மேனேஜரை நேரில் பார்ப்பது என்று முடிவு செய்தேன். சாட்சிக்கு அந்த பஸ்ஸில் வரும் இரண்டு பேரைக் கூப்பிட்டேன். வந்தது பதினைந்து பேர். மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பூக்கார அம்மா முதலில் பாய்ந்தார். "தங்கமான பிள்ள சார்! என்னால கூடையத் தூக்க முடியலேன்னா அவரே எறங்கி வந்து தூக்கி வப்பாரு."

"இன்ஜின் ஓடும்போது சீட்டை விட்டு எறங்குவாரா?" மேனேஜர் எழுதிக்கொண்டார்.

"நான் ஓடி வர்றத கண்ணாடில பாத்துட்டாருன்னா ரெண்டு நிமிஷம் நின்னு ஏத்திக்கிட்டுத்தான் போவாரு" என்றார் ஒரு வாத்தியார்.

"ரெண்டு நிமிஷம் லேட்டு." அதையும் எழுதினார்.

"கண்டக்டரு வேணாம்னாரு சார். இவருதேன் 'பாவம், ஏறட்டும்'னு என் ஆட்டுக்குட்டிய ஏத்துனாரு!"

"யாத்தே!" டிரைவர் கும்பிட்டார். "ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், யாரும் என்னையப் பாராட்டாதீக!"

ஜொகராம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு பாய், பிறகு எல்லாரும். மேனேஜர் வாயைக் கையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அம்மா, நீங்க சர்வீஸ்ல இருந்தவுக. ஒங்களுக்குத் தெரியாததா? பேப்பர் வந்துருச்சு. பேப்பருக்குப் பதில் பேப்பர்தான். நன்றிய வச்சு நான் ஃபைலை எப்படி மூடுறது?"

அந்த நொடியில்தான் எனக்குப் புத்தி வந்தது. நன்றியைப் புரிந்துகொள்ளத் தெரியாத ஃபைலுக்குக் குறை புரியுமே!

"சார், ஒரு வெள்ளத்தாள் குடுங்க."

அங்கேயே நின்றபடி எழுதினேன். பொருள்: சந்து முனையில் பேருந்து நிறுத்தம் இல்லாத குறை. முதியோர், நோயாளிகள், கூடை சுமப்போர் படும் பாடு. ஐந்து சாமானும் போட்டேன். பதினைந்து கையெழுத்து, ஆட்டுக்குட்டிக்காரர் மட்டும் கைநாட்டு. மேனேஜர் வாசித்தார். முகம் தெளிந்துவிட்டது.

"ம். இது புரியுது."

உடனே ஃபைலில் எழுதினார்: பொதுமக்கள் நிறுத்தம் கோரும் இடம், அவர்களின் சிரமம் கருதி நிறுத்தப்பட்டது, ஓட்டுநருக்கு வாய்மொழி எச்சரிக்கை, ஃபைல் முடிக்கப்படுகிறது. ரூட் தப்பியது! வெளியே வந்ததும் டிரைவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, அந்த மொத மனு காப்பி ஒண்ணு எனக்கு வேணும்" என்றார். "இத்தன வருஷத்துல என்னைய நல்லவன்னு சொல்லி வந்த பேப்பர் அது ஒண்ணுதேன்." அன்று நான் சிரித்துக்கொண்டே அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை. "என்னடி, பேத்தி பொறந்த மாதிரி இருக்க?" என்றார் வீட்டுக்காரர்.

கம்பம் நட்ட நாள்

சில மாதம் கழித்து ஸ்டாப் வந்தேவிட்டது. கம்பமும் பலகையும் பளபளவென்று இருந்தன. ஆனால் சந்து முனையில் சாக்கடை வேலை நடந்ததால் முப்பது அடி தள்ளி நட்டிருந்தார்கள். ஜொகராம்மா ஒரு தூக்குவாளி நிறையச் சேமியாப் பாயசம் கொண்டுவந்து, சந்து முனையில் சேர் போட்டு உட்கார்ந்துகொண்டு எல்லாருக்கும் ஊற்றிக்கொடுத்தார். ஸ்டாப் என்று ஆனதும் இருபது பேர் புதிதாகக் கம்பத்தடியில் நின்றார்கள். அத்தனை பேர் முண்டியடித்தால் அந்த அம்மாவுக்கு எங்கே சீட்டு கிடைக்கும்?

பஸ் வந்தது. நேராகச் சந்து முனைக்கு வந்து நின்றது. ஜொகராம்மா ஏறினார், உட்கார்ந்தார், புடவையைச் சரி செய்துகொண்டார். பிறகு வண்டி முப்பது அடி உருண்டு கம்பத்தில் இன்னொரு முறை நின்றது.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அக்கா! எழுதிப்புடாதீக!" என்று கத்தினார். எனக்குப் பாயசம் புரையேறிவிட்டது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். குறையை எழுதிக் கொடுங்கள், ஐந்து சாமானும் சேர்த்து. நன்றியை மட்டும் வாயால், முகத்துக்கு நேராகப் போய்ச் சொல்லுங்கள். இப்போதெல்லாம் நன்றி மனு எழுத வருகிறவர்களை நான் அப்படித்தான் விரட்டுகிறேன். நானும் என் பழைய சூப்பிரண்டைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு வெட்கம் தாங்கவில்லை.

அவர் இதை வாசித்தால் கட்டாயம் கிழித்துப் போடுவார். தேதி இல்லை, நேரம் இல்லை, இடம் இல்லை, வண்டி எண் இல்லை, டிரைவர் பெயர் இல்லை. காதர் பாய், ஜொகராம்மா, ஆனையூர், கீழவாசல் எல்லாம்கூட நான் வைத்த பெயர்கள். கிழிக்கட்டும். நாளைக்குக் காலையும் அந்தத் தம்பி அங்கே வண்டியை நிறுத்த வேண்டும்.