முருங்கைக்கு உறை தைத்த செல்லமுத்து மாஸ்டர்

மூலனூர் சந்தையில் முருங்கைக்காய்க் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. திரையில் செல்லமுத்து மாஸ்டர் பெயர். உடுமலைப்பேட்டைப் போட்டிக்குச் சில நாள்தான் பாக்கி. தினமும் காலையில் புதிதாக ஒரு பயத்தோடு கூப்பிடுவார். எடுத்ததும் நானே முந்திக்கொண்டு, "உறையெல்லாம் பத்திரமா இருக்குதுங்க மாஸ்டர், எலி கடிக்கலீங்க!" என்று எரிந்து விழுந்தேன். மறுமுனையில் அவர் மனைவி சரோஜாக்காவின் குரல் வந்தது. "அம்மிணி, அவரு நம்மள உட்டுட்டுப் போயிட்டாருங்க." விடிகாலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் அவரோடும் என்னோடும் வேலை பார்த்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? அவர் கட்டிங் மாஸ்டர், நான் செக்கிங். துணியை அடுக்கி, கத்தி இறங்கப்போகும் நேரத்தில் "நில்லுங்க" என்பார். கைக்குட்டையை நனைத்துத் துணிமேல் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பார். ஏற்கெனவே பார்த்த துணிதான். "இன்னொருக்கா பாத்துருங்க, ஒண்ணும் கொறஞ்சு போயிராது" என்பதே அவர் பேச்சு. பயந்தாங்கொள்ளி மாஸ்டர் என்று நாம் முதுகுக்குப் பின்னால் சிரித்ததும் அவருக்குத் தெரியும்.

வேலையை விட்டு நான் மூலனூர்ப் பக்கம் தோட்டத்துக்கு வந்த பிறகு, எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு வந்தார். மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் என்னோடு நின்றார். வண்டி பிடிக்க வழியில்லாத எங்களைப் போன்ற சின்ன விவசாயிகள் காய்க்கட்டோடு பஸ்ஸுக்குக் காத்திருப்போம். வெயில் ஏறினால் காய் வதங்கிவிடும். சந்தையில் வியாபாரி காயை வளைத்துப் பார்த்து ஒதுக்கிவிடுவார். மாஸ்டர் காய்க்கட்டைச் சாண் போட்டு அளந்துகொண்டு திருப்பூருக்குப் போனார்.

அடுத்த வாரமே வந்து நின்றார். பனியன் துணி மிஷினிலிருந்து குழாய் போலத்தான் இறங்கும். கம்பெனியில் மீந்த அந்தக் குழாய்த் துணியை வெட்டி, கட்டுக்கு ஏற்ற உறையாகத் தைத்திருந்தார். காய்க்கட்டை நுழைத்துத் தண்ணீர் தெளித்தால் உச்சி வெயில் வரை காய் விறைப்பாக இருந்தது. "காய்க்கு பேன்ட்டு தெச்சுட்டனுங்க அம்மிணி!" என்று அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். சிறு விவசாயிகளுக்கு உதவும் புது யோசனைகளுக்கு உடுமலையில் ஒரு கல்லூரி போட்டி வைத்திருந்தது. ஜெயித்தால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் உறை செய்துகொள்ள உதவி கிடைக்கும். இருவர் பெயரையும் கொடுத்துவிட்டேன். "ஐயோ, பேரக் குடுத்துட்டீங்களா?" என்றவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லையாம்.

பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று அடுத்த உறைகளைச் சிவப்புத் துணியில் தைத்தார். கைக்குட்டையை வைத்துத் தேய்த்துப் பார்த்துத்தான் தைத்தார். சந்தையில் எல்லோர் முன்னாலும் உறையை உருவினேன். ஈரத்தில் மணிக்கணக்காகக் கிடந்ததில் சாயம் இறங்கி, பச்சைக் காயெல்லாம் ரோஸ் நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. ஒரு வியாபாரியம்மா கத்தினார்: "சாயப்பட்டறத் தண்ணியில நெலம் கெட்டது பத்தாதுங்களா? இப்பக் காய்க்கும் சாயமா?" சந்தையே சிரித்தது. மாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. மாடு தின்றுவிடக் கூடாதென்று அத்தனை காயையும் சுமந்து வந்து எங்கள் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்தார்.

எனக்குக் கோபம். "ஏனுங்க மாஸ்டர், ஒரு கட்டுக் காய்க்கு இப்படியா நடுங்குவீங்க?" என்றேன். மண்ணைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "உடுத்தற துணிக்கு அந்தச் செக்கிங் போதுமுங்க. திங்கற பொருளுக்குப் போதாதுன்னு எனக்குத் தோணாமப் போச்சே! பயமில்லாதவன் கத்தி புடிக்கக் கூடாதுங்க அம்மிணி." நானும் குனிந்து அவரோடு மண்ணைத் தள்ளினேன்.

அதன்பின் சாயமே ஏறாத துணிதான். இறுதிச் சுற்றுக்குத் தேர்வானோம். உடனே அவருக்கு அடுத்த கவலை. "மைக் வேல செய்யலீன்னா?" "கத்துங்க!" "தொண்டை கட்டிக்கிச்சுன்னா?" "நான் கத்தறனுங்க, போதுமா?" ஒன்றில் மட்டும் உறுதியாக இருந்தார்: நடுவர்கள் முன்னால் வெள்ளை பேசின் தண்ணீரில் உறையை ஊறவைத்து, சாயம் இறங்கவில்லை என்று காட்ட வேண்டும். இதென்ன வித்தை காட்டுகிற இடமா என்றேன். "அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நாமளே காட்டிப்போடோணும்" என்றார்.

நாளைக்குப் போட்டி. மாஸ்டர் நிற்க வேண்டிய இடத்திலும் நானே நிற்க வேண்டும். போகவே வேண்டாம் என்றுகூட நினைத்தேன். சரோஜாக்காதான், "போய்ட்டு வாங்க அம்மிணி, இல்லீன்னா அதுக்கும் பயந்துட்டே கெடப்பாரு" என்றார். அழுதுகொண்டே சிரித்தோம். கூட்டத்தின் முன் பேசி எனக்குப் பழக்கமில்லை. நான் திக்கினால், அந்தப் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்களுக்கெல்லாம் அடுத்த வருடமும் வதங்கிய காய்தான்.

நீங்களெல்லாம் அவருடைய பொறுமையையும் கைத்திறனையும் நினைத்துக்கொள்வீர்கள். நான் வைத்துக்கொண்டது அவருடைய பயத்தை. இன்று காலை உறையை பேசின் தண்ணீரில் ஊறவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் நிறம் மாறவே இல்லை. சொல்லிவிடலாம் என்று கைப்பேசியை எடுத்து, மாஸ்டர் பெயர் வரை போய்விட்டேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் பிடித்து, இன்னொருக்கா ஊறவைத்தேன்.