தாலித் தட்டைக் கேட்டு வந்த போன்

பேய், ஆவின்னு யாராச்சும் பேச்சு எடுத்தா, டீ கலக்குறேன்னு சொல்லிட்டு நான் எழுந்து கிச்சனுக்குப் போயிருவேன். பயந்துக்கிட்டு இல்லங்க, சிரிப்ப அடக்க முடியாது, அதான். எங்க நாத்தனாரு ஒருத்தி இருக்கா, ராத்திரி நாய் கொரைச்சாக்கூட அதுக்கு ஒரு கதை சொல்லுவா. அவகிட்ட, "அடி போடி, நாய்க்குப் பசிக்குது, சோறு வை"ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவ நான். அப்படிப்பட்ட நான் இன்னிக்கு உங்ககிட்ட உக்காந்து இதச் சொல்றேன்னா நீங்களே யோசிச்சுக்குங்க. நீங்க ஒதட்ட மடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறது தெரியுது, சிரிங்க, பரவால்ல லா.

எனக்குத் தொழிலு தட்டு அலங்காரம். கல்யாணம், நிச்சயதார்த்தம், வளைகாப்புன்னா சேலை, பழம், பலகாரம் எல்லாத்தையும் தட்டுல அழகா அடுக்கி, கண்ணாடித் தாள் சுத்தி, என் காடியிலயே, அதாங்க காருலயே, ஏத்திக் கொண்டு போய்க் குடுத்துட்டு வருவேன். வீடு பெனாங்குத் தீவுல, டத்தோ கிராமாட்ல, ஆனா ஆர்டரு பாதிக்குப் பாதி கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம். நமக்கு ரோடு ஞாபகம் சுத்தமா நிக்காதுங்க. அதனால எங்க மவன் ஒரு வழிகாட்டிப் பொட்டி வாங்கி முன் கண்ணாடியில ஒட்டிக் குடுத்தான். இப்ப எல்லாரும் போன்லயே மேப்பு பாக்குறாங்க, "இன்னும் இதையா வெச்சிருக்கீங்க"ன்னு கேலி வேற. கேலி பண்ணட்டும். அதுக்கு நான் வெச்ச பேரு மேடம். மலாய்ல பேசும், பெலோக் கிரின்னா எடது பக்கம் திரும்பு, பெலோக் கானான்னா வலது பக்கம். நான் தப்பாத் திரும்பிட்டா எங்க வீட்டுக்காரரு ஊரே கேக்குற மாதிரி கத்துவாரு. மேடம் கத்தாது. ஒரு நிமிஷம் சும்மா இருக்கும், அப்புறம் வேற ஒரு வழிய மரியாதையாச் சொல்லும். இப்படி ஒரு பொறுமைசாலிய நான் மனுஷங்கள்ல பாத்ததே இல்லைங்க.

அத விட எனக்குப் புடிச்சது போன் பேசுறதுதான். போன் பாட்டுக்குக் கைப்பையில கெடக்கும், மணி அடிச்சா பொட்டியில சத்தம் வரும், பச்சையத் தட்டுனா அதுலயே பேசலாம். ரெண்டு கையும் ஸ்டீரிங்ல இருக்கும். பின்னால தட்டு தட்டா அடுக்கி வெச்சுக்கிட்டு ஒத்தக் கையில ஓட்டிப் பாருங்க, அப்பத் தெரியும் அதோட அருமை. ஆனா ஒண்ணு, அந்தப் பொட்டிக்கு சொந்தமா நம்பரு கெடையாது, சிம்மும் கெடையாது. போன் காடிக்குள்ள பக்கத்துல இருந்தாத்தான் அது பேசும். இல்லாட்டி வழி மட்டும் சொல்லும்.

அன்னிக்கு ஞாயித்துக்கெழம, நல்ல முகூர்த்த நாளு, எனக்கு ரெண்டு ஆர்டரு. காலையில பாலத்துக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாம் கோயில்ல ஒரு கல்யாணம், அத முடிச்சிட்டுத் தீவுல ஜார்ஜ்டவுனுக்கு ஓடியாந்து ஒரு நிச்சயதார்த்தம். கல்யாண ஆர்டரு குடுத்தது மாப்பிள்ளையோட அண்ணன், செல்வம்னு பேரு, புக்கிட் தெங்கால ஃபேக்டரியில வேலை. அப்பா அம்மா இல்லாத பிள்ளைங்க, தம்பிய வளத்ததே இவருதான். அந்தத் தம்பிக்கு ஏற்கெனவே ஒரு எடத்துல நிச்சயம் ஆகி, கல்யாணத்துக்குக் கொஞ்ச நாளு இருக்குறப்ப நின்னு போச்சு. அதனால இந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க மொதல்ல இருந்தே ஒரு மாதிரி பயந்துக்கிட்டே இருந்தாங்களாம். பூ வாடுனாக்கூட சகுனம் பாக்குற குடும்பம். "அக்கா, ஒரு கொறையும் இல்லாம முடிச்சுக் குடுத்துருங்க"ன்னு செல்வம் என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாரு.

தாலித் தட்ட மட்டும் நான் மத்த தட்டோட அடுக்க மாட்டேன். அது தரையில படக்கூடாது, அது மேல வேற தட்டு அடுக்கக்கூடாது. தேங்கா மேல தாலியக் கட்டி, மஞ்சப் பட்டுத் துணி போத்தி, பின் சீட்டுல உக்கார வெச்சு, மனுஷங்களுக்குப் போடுற மாதிரி பெல்ட்டு போட்டு விடுவேன். சிரிக்காதீங்க, பிரேக் அடிச்சா யாரு புடிக்கிறது? அன்னிக்குக் காலையில இருட்டோட தனியா நின்னுதான் அதப் பண்ணேன், வீட்டுக்காரருகூட எழுந்திரிக்கல. மழை வேற, அதனால மேல ஒரு பிளாஸ்டிக்கையும் விரிச்சு விட்டேன்.

கோயிலுக்குப் போய்ச் சேந்தப்ப மழை ஊத்துது. ஆளுங்க ஓடியாந்து பின்னால இருந்த தட்டெல்லாம் எறக்கிக்கிட்டாங்க. எப்பவும் தாலித் தட்ட நானே எடுத்து வீட்டுப் பெரியவங்க கையில குடுத்துட்டுத்தான் மத்தத எறக்க விடுவேன். அன்னிக்கு மழையில, குடையில, "பசியாறிட்டுப் போங்க அக்கா"ங்குற சத்தத்துல, எல்லாத்தையும் குடுத்தாச்சுன்னு நெனச்சுக்கிட்டுக் கெளம்பிட்டேன். நான் செல்வத்துக்கிட்ட குடுத்துட்டேன்னு நெனச்சேன், செல்வம் ஐயருகிட்ட இருக்குன்னு நெனச்சாரு, ஐயரு நகைப் பெட்டியில இருக்குன்னு நெனச்சாரு. ஆக தாலி என் கூடவே பெனாங்குக்குத் திரும்பிப் போய்க்கிட்டிருக்கு.

ஹைவேல வந்து, பாலத்துக்கு ஏறுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, பொட்டியில மணி அடிச்சுது. பச்சையத் தட்டுனேன். செல்வம். ரகசியம் பேசுற மாதிரி பேசுறாரு. "அக்கா, தாலித் தட்டு எங்கக்கா? இங்க இல்லக்கா. பொண்ண மணவறைக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க." என் வாயி சும்மா இருக்குமா, "குடுத்துட்டேனே தம்பி, ஐயரக் கேளுங்க லா"ன்னு சொல்றேன்.

அப்ப ஒரு பொம்பளக் குரலு. நல்ல தமிழ்க் குரலு, வயசானதும் இல்ல, சின்னப் பொண்ணும் இல்ல. கோவமே இல்லாம சொல்லுது, "ஏம்மா, பின் சீட்டுல பெல்ட்டு போட்டு உக்கார வெச்சியே, மறந்துட்டியா? பிளாஸ்டிக்க எடுத்துப் பாரு." சரி, செல்வத்துக்குப் பக்கத்துல நிக்கிற யாரோ அத்தையோ சித்தியோன்னு நெனச்சுக்கிட்டேன். ஓரமா நிறுத்தித் திரும்பிப் பிளாஸ்டிக்கத் தூக்குறேன், மஞ்சப் பட்டு போத்திக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கு. "இருக்கு தம்பி, இந்தா வந்துட்டேன்"னு அழுதுட்டேன். எனக்கு லேசுல அழுகை வராதுங்க, அன்னிக்கு அழுதேன்.

பாலத்துல ஏறிட்டா நடுவுல திரும்ப முடியாது, தீவு வரைக்கும் போய்த்தான் வரணும். நல்ல வேளை, கடைசித் திருப்பம் தாண்டல. அதுல திரும்பி எறங்குனதும் எதுத்தாப்புல பெரிய ஜேமு, எவனோ மழையில இடிச்சு வெச்சிருக்கான். மேடம் ஒரு நிமிஷம் யோசிச்சுது, அப்புறம் பெலோக் கிரின்னுது. புக்கிட் தெங்கா ஃபேக்டரிங்களுக்கு நடுவுல கூட்டிட்டுப் போவுது, லீவு நாளு, ரோட்டுல ஒரு காடி கெடையாது. எத்தனையோ வாட்டி அந்தப் பக்கம் வந்திருக்கேன், அப்படி ஒரு ரோட்ட நான் பாத்ததே இல்ல. கெட்டிக்காரிடி நீன்னு வாய் விட்டே சொன்னேன்.

போன் இன்னும் கட் ஆகல. அந்தப் பொம்பளதான், "மெதுவா வாம்மா, ஈரத்துல வழுக்கும், நேரம் இருக்கு"ன்னு சொல்லுது. அந்தக் குரலக் கேட்டா மனசுக்கு அவ்வளவு தெம்பா இருந்துச்சுங்க. போன வெக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுச்சு, "எல்லாரும் தொட்டுக் கும்புடுறப்ப நானும் ஒரு வாட்டி தொட்டுக்குறேம்மா."

அது நம்ம வழக்கம்தானே, தாலி கட்டுறதுக்கு முன்னாடி தட்டச் சபையில சுத்தி எடுத்துட்டு வருவாங்க, பெரியவங்க எல்லாம் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுவாங்க. அதனால நானும், "வாங்க, மொதல்ல உங்களுக்குத்தான்"னு சொல்லிட்டேன்.

கோயில் வாசல்ல செல்வம் குடையோட நிக்கிறாரு. ஒண்ணு இல்ல, ரெண்டு குடை. ஒண்ண என் கையில குடுத்துட்டு, இன்னொண்ண விரிச்சுப் புடிச்சுக்கிட்டு அந்தப் பக்கத்துப் பின் கதவத் தொறந்துட்டு நின்னாரு, நின்னுக்கிட்டே இருந்தாரு. பாவம், பதட்டத்துல என்ன பண்றோம்னே தெரியலன்னு நெனச்சேன். "தட்டு இந்தப் பக்கம் இருக்கு தம்பி, வாங்க"ன்னு நான்தான் இழுத்துட்டுப் போனேன். தட்டு சபைய சுத்தி வந்துச்சு. மொதல்ல தொடுறதுக்கு அந்த அம்மா வருவாங்கன்னு நான் பாத்துக்கிட்டே இருந்தேன், யாரும் வரல. மேளம் கொட்டி, தாலி ஏறி, பொண்ணு சிரிச்சுச்சு பாருங்க, அந்தச் சிரிப்பப் பாத்ததும்தான் எனக்கு உசுரு வந்துச்சு. பொண்ணு வீட்டுல ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது, இன்னிக்கு வரைக்கும்.

நான் எப்பவும் தட்டோட ஒரு போட்டோ எடுப்பேன், அடுத்த ஆர்டருக்குக் காட்டணும்ல. கைப்பையில போனத் தேடுறேன், இல்ல. காடியில தேடுறேன், இல்ல. செல்வத்தோட போன வாங்கி என் நம்பருக்கு அடிச்சேன். எங்க வீட்டுக்காரரு எடுத்தாரு, தூக்கக் கலக்கத்துல. "போன சார்ஜ்ல போட்டுட்டு இங்கயே விட்டுட்டுப் போயிட்டியே, தெரியாதா? காலையில இருந்து என் தலைமாட்டுலதான் இருக்கு. ஒரு தடவகூட மணி அடிக்கல, இதான் மொத போனு"ங்குறாரு. நான் செல்வத்தோட போனப் பாக்குறேன், அதுல காலையில என் நம்பருக்குப் பேசுனது இருக்கு. போனு காடியில இல்லாம அந்தப் பொட்டி எப்படிப் பேசுச்சு?

செல்வத்துக்கிட்ட அதச் சொல்லல. அவரு சந்தோஷமா இருக்காரு, எதுக்கு? பேச்ச மாத்தணுமேன்னு, "உங்க பக்கத்துல நின்னு பேசுனாங்களே ஒரு அம்மா, அவங்கள மட்டும் எனக்குக் காட்டுங்க தம்பி, கும்புட்டுட்டுப் போறேன்"னேன். அவரு என்ன ஒரு மாதிரி பாத்தாரு. "என் பக்கத்துல யாருக்கா? பொண்ணு வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு கோயிலுக்குப் பின்னால தனியாப் போயில்ல பேசுனேன். அந்த அம்மா உங்க காடியிலதானே இருந்தாங்க? நீங்க ஒங்கக்காவக் கூட்டிட்டு வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். அவங்களுக்குத்தான் ரெண்டாவது குடை எடுத்துட்டு வந்தேன். அவங்க எறங்கவே இல்லையே அக்கா?"

எனக்கு அக்காவே கெடையாதுங்க.

அப்புறம் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரு, லைன் மாறி யாரோ பேசியிருக்காங்கன்னாரு. லைன் மாறுறதுக்கு அங்க லைனே இல்லையே? மேடம்தான் பேசியிருக்கும்னான் மவன். மேடத்துக்கு ரோடு தவிர ஒண்ணும் தெரியாது, தமிழும் தெரியாது. பெல்ட்டு போட்டது என்னத் தவிர யாருக்குத் தெரியும்? நாத்தனாருகிட்ட மட்டும் நான் இன்னும் சொல்லல, சொன்னா என்ன ஒழுங்கா வாழ விடமாட்டா. யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா இவ்வளவு நல்ல மனசோட ஒருத்தங்க, ஒரு திட்டு இல்ல, ஒரு மெரட்டல் இல்ல, ஒரு கல்யாணத்தக் காப்பாத்திக் குடுத்துட்டு, ஒரே ஒரு வாட்டி தாலியத் தொட்டுக்குறேன்னு கேட்டாங்களே, அத நெனச்சா எனக்குப் பயத்துக்கு முன்னாடி கண்ணு கலங்கிருது.

அதனால இப்பல்லாம் தாலித் தட்டு ஏத்துனா, காடிய எடுக்குறதுக்கு முன்னாடி பின் சீட்டப் பாத்து, "மொதல்ல நீங்க தொட்டுக்குங்க"ன்னு சொல்லிட்டு, கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருப்பேன். போன மாசம் ஒரு கல்யாணம், லேட்டாயிருச்சு, சொல்லாமக் கெளம்பிட்டேன். போன்ல பேட்டரி செத்து, அணைஞ்சு போய்க் கைப்பையில கெடக்கு. தெரு முனையில திரும்புறேன், பொட்டியில மணி அடிக்குது. பேரும் இல்ல, நம்பரும் இல்ல. பச்சையத் தட்ட எனக்குக் கை வரல. காடிய ஓரமா நிறுத்தி, பின்னால திரும்பிப் பட்டுத் துணிய வெலக்கி விட்டு, "மன்னிச்சுக்குங்கம்மா, தொட்டுக்குங்க"ன்னேன். மணி நின்னுருச்சு.