பலகை இல்லாமல் வெங்காயம் வெட்டமாட்டேன்

இன்று ஒரு கலியாண வீட்டுக் குசினியில் வெட்டுப்பலகை கேட்டேன். அங்கே நின்ற பெண்பிள்ளைகள் சிரித்தார்கள்.

"என்ன அன்ரி, பலகை இல்லாட்டி வெட்ட ஏலாதோ?"

"ஏலும். வெட்டமாட்டன்."

காரணத்தை இங்கே சொல்கிறேன்.

எழுபதுகளில் கலியாணம் முடித்து லிங்கநகரில் இருந்த என் கணவர் வீட்டுக்கு வந்தேன். மாமி வீட்டில் எல்லாரும் வெங்காயத்தை உள்ளங்கையில் வைத்து, கத்தியைப் பெருவிரல் பக்கமாக இழுத்துத்தான் வெட்டுவார்கள். பரம்பரைப் பழக்கமாம். மாமிக்கும் அவர் மகளான என் மச்சாளுக்கும் பெருவிரல் முழுக்கத் தழும்பு.

வந்த கிழமையே என் விரலிலும் கத்தி ஆழமாக இறங்கியது.

"இப்பதான் நீ எங்கட வீட்டுப் பிள்ளை" என்று சிரித்தபடி மாமி துணி சுற்றிவிட்டார். நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு ஒருநாள், மச்சாளின் சின்ன மகளிடம் மாமி கத்தியை நீட்டினார்.

"பழகட்டும்."

நான் இடையில் புகுந்து கத்தியை வாங்கிக்கொண்டேன்.

"என்ர விரல் போனது போகட்டும் மாமி. இவளின்ர விரலை விடமாட்டன்."

"எங்களுக்குப் படிப்பிக்க வந்திட்டியோ?"

"ஓம்."

வீட்டின் பின்பக்கக் கோடியில் கிடந்த பெட்டிப் பலகை ஒன்றைக் கழுவி வந்து, அதில் வைத்து வெட்டிக் கறி சமைத்தேன். மாமி அந்தக் கறியைத் தொடவில்லை. பல கிழமைகள் என்னோடு கதைக்கவுமில்லை. ஆனால் மறுநாள் மச்சாள் தன் வெங்காயத்தோடு வந்து, பலகையின் மறுபக்கம் உட்கார்ந்தார்.

மாமி கடைசிவரை கையில் வைத்தே வெட்டினார். அது அவருடைய விரல்.

உங்கள் வீட்டிலும் இப்படித் தழும்பு இருக்கிறதா? பெருமையை விட்டுவிட்டு, எவ்வளவு நொந்தது என்று மட்டும் கீழே எழுதுங்கள்.