மிச்சம் வந்த இரண்டு போல்ட்

எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் என்போம். மேசையும் ஃபைலும் இல்லாத, கந்தகமும் பசையும் மணக்கிற ஒரு கொட்டகைக்கு ஆபீஸ் என்ற பெயர் எப்படி வந்ததோ, எனக்குத் தெரியாது. என் மனைவி பல வருடமாக அப்படியொரு ஆபீஸுக்குப் போய்வருகிறாள். யாராவது விசாரித்தால் “வீட்டுக்காரி ஆபீஸுக்குப் போயிருக்கா” என்று நானும் கூசாமல் சொல்வேன். வெளியூர்க்காரர்களாக இருந்தால் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள்.

நான் எலக்ட்ரீஷியன். சங்கரன்கோவிலில் பாதி விசைத்தறி என் கைபட்டுத்தான் ஓடுகிறது என்பது என் எண்ணம். மீதிப் பாதி நிற்பதும் என் கைபட்டுத்தான் என்பது என் மனைவியின் எண்ணம். இந்த விஷயத்தில் எங்களுக்குள் இதுவரை சமாதானம் ஏற்படவில்லை.

அவளுடைய ஆபீஸ் குருவிகுளம் போகிற ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே அவள் மருந்து ரூமில் வேலை பார்க்கிறாள். தீக்குச்சியின் தலையில் ஏறுகிற மருந்துக்கான பொடிகளைச் சலித்து, நிறுத்து, பசையோடு கலந்து கொடுக்கிற அறை அது. செருப்பையும் செல்போனையும் வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். அந்த அறைக்கு மட்டும் கரண்ட் கிடையாது. கிழக்கே பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று இருக்கிறது, அதில் வருகிற வெயில்தான் வெளிச்சம். வானம் இருண்டால் வேலையை நிறுத்திவிடுவார்கள். மழை எட்டிப்பார்க்கவே யோசிக்கிற எங்கள் காட்டில் இது பெரிய குறை இல்லை. ஆனாலும் ஐப்பசியில் வருகிற அந்த நாலு மழை முதலாளியின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

“மேகத்தப் பாத்ததும் கையக் கட்டிட்டு ஒக்காந்துருதாவ வே. ஒரு லைட்டப் போட்டு விடும்” என்றார் என்னிடம்.

சாதாரண பல்பு அங்கே ஆகாது, சின்னப் பொறி போதும் என்று நான்தான் விளக்கினேன். இதற்கென்றே ஃப்ளேம் ப்ரூஃப் லைட் இருக்கிறது என்றும் சொன்னேன். அதுவரை நான் அதைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தேன் என்பதைச் சொல்லவில்லை. மதுரையில் இருந்து பார்சலில் வந்தது. தூக்கிப் பார்த்தால் ஆட்டுக்குட்டி கனம். தடித்த கண்ணாடி, வார்ப்பு அலுமினிய உடம்பு, மூடியைச் சுற்றி எட்டு போல்ட். அதை மாட்டிய அன்றைக்கு ஆபீஸில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். கூட்டத்தைக் கண்டதும் எனக்கு நாக்கில் சனி ஏறிவிட்டது.

“இதுக்குள்ள மருந்துத் தூசி போயி, பொறி பட்டு, டமார்னு வெடிச்சாக்கூட தீ வெளிய வராது. மூடியும் உடம்பும் சேருத எடத்துல மயிரிழை அளவுதான் சந்து. தீ அந்தச் சந்து வழியா வெளிய வரதுக்குள்ள ஆறி அணைஞ்சிரும்” என்றேன்.

என் மனைவி அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டாள். “அப்ப உள்ள எரியும்?”

“எரியும்.”

“வெளிய தெரியாது?”

“தெரியாது.”

“நம்ம வீடு மாதிரின்னு சொல்லுங்க.”

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் சிரித்துவைத்தேன், வேறு என்ன செய்ய?

சிரிப்பு அடங்கியதும் அவள் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றாள். “நெசமாவே பயமில்லையே?”

“நான் மாட்டுனது, ஏட்டி.”

“அதான் கேக்குதேன்.”

என் தலை மேல் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் போனாள். அந்த அறையில் நாள் முழுவதும் இருக்கப்போவது அவள் ஒருத்திதான். அந்தப் பயத்தில்தான் கேட்கிறாள் என்று அன்றைக்கு நினைத்தேன்.

போகும்போது முதலாளியிடம் ஒரு வாக்கியம் சொன்னேன். “சாமி மாதிரி பாத்துக்கிடணும், அண்ணாச்சி.” சொன்னதும் எனக்கே பிடித்துப்போனது, இன்னொரு தடவையும் சொன்னேன். லைட் வந்த பெட்டிக்குள் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. செய்யக் கூடாதவை எல்லாம் பொடி எழுத்து ஆங்கிலத்தில் வரிசையாகப் போட்டிருந்தது. மூடி சேரும் முகத்தைத் தேய்க்காதே, போல்ட் ஒன்றுகூடக் குறையக் கூடாது, இப்படி. நாலு வரி படிப்பதற்குள் டீயும் வடையும் வந்தது. வடை எண்ணெயாக இருந்தது, காகிதம் கையில் இருந்தது. வெடிப்பதைப் பற்றிப் பேசினால் கூட்டம் சேரும், போல்ட்டைப் பற்றிப் பேசினால் யார் நிற்பார்கள்? அந்த நாலு வரியை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மாதம் போனது. ஆயுதபூஜைக்கு முந்தின நாள் என் ஆலன் கீயைக் காணோம். அந்த லைட்டின் போல்ட்டைக் கழற்ற வேறு சாவி உதவாது. பையைக் கொட்டிப் பார்த்தேன், பரணைக் குடைந்தேன், இந்த வீட்டில் ஒரு பொருள் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவள் வாயைத் திறக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகம் தந்திருக்க வேண்டும்.

பூஜைக்கு ஆபீஸில் எனக்குத் தனி அழைப்பு. வாசலில் வாழைக்கன்று கட்டி, தராசில் இருந்து தண்ணீர்க் குடம் வரை எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். மருந்து ரூம் கூரையில் என் லைட், பார்சலில் வந்த அன்றைக்கு இருந்ததைவிடப் பளபளவென்று மின்னியது. கண்ணாடியில் மூன்று சந்தனப் பொட்டு, கம்பியைச் சுற்றி ஒரு முழம் கதம்பம். சூடத்தட்டு மட்டும் முற்றத்தோடு நின்றது. அந்த அளவுக்கு எல்லோருக்கும் விவரம் இருந்தது. முதலாளி என் தோளில் துண்டைப் போட்டு, “எப்பிடி வே, சாமி மாதிரி இருக்கா?” என்றார். பிரமாதம் அண்ணாச்சி என்றேன். அண்ணாந்து முழுசாக இரண்டு நிமிடம் பார்த்திருப்பேன். பொட்டைத்தான் எண்ணினேன், போல்ட்டை எண்ணவில்லை.

சாயங்காலம் வீட்டில் பொரிகடலையைக் கொறித்துக்கொண்டிருந்தபோது அவள் சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஆலன் கீயை எடுத்து முன்னால் வைத்தாள். கூடவே இரண்டு போல்ட்.

“இது ஏது?”

“மிச்சம் வந்துச்சு. ஆறுலயே மூடி நல்லா இறுகிட்டு. வீணாப் போவுதேன்னு கொண்டாந்தேன், உங்களுக்கு ஆவும்லா?”

எனக்கு வாயில் பொரி நின்றுவிட்டது. மெதுவாகத்தான் கேட்டேன். முந்தின நாள் மெயினை அணைத்துவிட்டு, ஏணி போட்டு, மூடியைக் கழற்றி இறக்கியிருக்கிறாள். மெயினை அணைக்க நான்தான் எப்போதோ சொல்லிக்கொடுத்தேன். மூடியின் விளிம்பு கறுத்துப்போய் இருந்ததாம். உப்புத்தாள் போட்டு அரை மணி நேரம் தேய்த்து வெள்ளியாக்கியிருக்கிறாள்.

“யாரு உன்னயத் தேய்க்கச் சொன்னா?”

“சாமி மாதிரி பாத்துக்கிடணும்னு நீங்கதான சொன்னீக. சாமி வெளக்க வெளக்காமலா வச்சிருப்பாவ?”

தீயை அணைக்கிற அந்த மயிரிழைச் சந்து இனி மயிரிழையாக இருக்காது. எவ்வளவு அகன்றது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் பேருக்காவது வேலையைத் தொடங்குவது ஆபீஸ் வழக்கம், முதல் மருந்தை அவள்தான் கலக்க வேண்டும். அவளிடம் சந்தைப் பற்றிச் சொல்லாமல், நாளைக்கு நானும் வாரேன் என்று மட்டும் சொன்னேன்.

காலையில் வானம் மூடிக்கொண்டு நின்றது. மற்ற நாளில் வராத மேகம் அன்றைக்கென்று வந்திருந்தது. முதலாளி குளித்துத் திருநீறு பூசிக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். லைட்டை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சொல்லி ஏணியில் ஏறினேன். இரண்டு போல்ட்டும் சட்டைப் பையில் கிடந்தன. அவற்றைப் பூட்டி இறுக்கிவிட்டு இறங்கலாம், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. வரவே இல்லை என்று எழுதினால் பொய். ஊரில் எனக்கு இருக்கிற பேர் கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தில் பாதி இந்த லைட்டில் தொங்கியது.

மூடியைக் கழற்றித் திருப்பினேன். விளிம்பு முழுக்க உப்புத்தாள் கீறல். கீறலுக்கு மேலே, உலர்ந்து ஒட்டிப்போன மண்ணில் மூன்று விரல் இழுத்த தடம்.

அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இது என்னட்டி?” என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

“கோவில் புத்துமண்ணு. வெளிய பூசுனா ஆராவது தொடச்சிருவாவன்னு உள்ள பூசுனேன்.”

“லைட்டுக்கு எதுக்குப் புத்துமண்ணு?”

“லைட்டுக்கு இல்ல. நீங்க மாட்டுனதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதீக. உங்க பேருக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதுல்லா.”

அந்த மண்ணை நான் சின்ன வயதில் இருந்து நெற்றியில் பூசிக்கொண்டவன். காய்ச்சலுக்கும் சிரங்குக்கும் தண்ணீரில் கரைத்துப் பூசியிருக்கிறார்கள். மூடி சேரும் இடத்தில் அது ஒரு துளி இருந்தாலும் சந்து அகலும் என்று எந்தக் காகிதத்திலும் போட்டிருக்காது. அதைப் போடாத கம்பெனிக்காரன் மேல் எனக்குக் கோபம் வந்தது. போட்டிருந்தாலும் அதில் வடை எண்ணெயைத்தான் துடைத்திருப்பேன் என்பதும் உடனே ஞாபகம் வந்தது.

“முடிஞ்சுதா வே? நேரம் போவுது, போட்டுரலாமா?” என்று முதலாளி சத்தம் கொடுத்தார்.

“போடக் கூடாது, அண்ணாச்சி. இந்த லைட்டு இனி ஆவாது.”

“நேத்துப் பிரமாதம்னீரு?”

“நேத்து நான் சரியாப் பாக்கல.”

“ஒரு பத்து நிமிசம், பேருக்குத்தான வே. அதுக்குள்ள என்ன ஆயிரும்?”

“உள்ள நிக்கப்போறது இவ, அண்ணாச்சி.”

அவர் வாசல் வரை வந்து என் கையில் இருந்த மூடியைப் பார்த்தார். பிறகு, “எவ கழட்டுனா இத?” என்றார். என் மனைவி வாயைத் திறந்தாள். அவளை முந்திக்கொண்டு நான் பேசினேன்.

“ஆரு கழட்டுனாலும் தப்பு எனக்கு. எதச் செய்யக் கூடாதுன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சாமி மாதிரி பாத்துக்கிடணும்னு மட்டும்தான் சொன்னேன்.”

கூடி நின்ற பெண்களில் யாரும் சிரிக்கவில்லை. மாட்டிய அன்றைக்கு வந்த அதே கூட்டம். நான் மெயின் பெட்டிக்குப் போய் அந்த அறைக்குப் போகிற பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் போல்ட் கிடந்த பையிலேயே போட்டுக்கொண்டேன். முதலாளி என் தோளில் முந்தின நாள் போட்ட துண்டைத் திருப்பிக் கேட்காதது அவருடைய பெருந்தன்மை.

அவள் ஏணியை வெளியே கொண்டுபோய்ச் சாத்திவிட்டு உள்ளே போனாள். ஜன்னல் கதவுகளை விரியத் திறந்தாள். தராசையும் பொடித் தட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி ஜன்னலோரம் வைத்தாள். மேகத்துக்குள் இருந்து வெளிச்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. நான் வெளிப்பக்கமாகச் சுற்றிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சலிக்கிற ஒவ்வொரு சலிப்புக்கும் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இத்தனை வருடத்தில் அவள் வேலை செய்வதை நான் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

அவள் தராசு முள்ளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கீக.”